கருவுக்குப் போகும் ரத்தம்: அறக்கட்டளைச் சொற்பொழிவு



தோட்டத்து மருத்துவச்சியாக இருந்த ஓர் அம்மையாரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. பிள்ளை பிறந்த வீட்டில் அவரிடம் முதலில் கேட்பார்கள்: "ஆணா, பெண்ணா?" அடுத்து: "எத்தனை பவுண்டு?" அந்த இரண்டாவது கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். பத்து மாதமும் நிறைந்து பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று 3 கிலோவும் மற்றொன்று 2 கிலோவுக்குக் குறைவாகவும் இருப்பது எதனால்?

நம் வீடுகளில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. "அவ ஒழுங்காச் சாப்பிடல." "பப்பாளி தின்னா." "விளக்கு வெச்ச நேரத்துல வெளிய போனா." "கண்ணு பட்டுருச்சு." பிள்ளைப்பேறு மருத்துவத்தில் இத்தனை காலம் இருந்துவிட்ட எனக்கு, இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் இளம்பெண்களின் முகம் நன்றாகத் தெரியும். பிள்ளை சிறுத்துப் பிறந்த துக்கம் ஒரு பக்கம், தன்னால்தான் ஆயிற்று என்ற குற்ற உணர்வு இன்னொரு பக்கம். அந்தக் குற்ற உணர்வு பெரும்பாலும் நியாயமற்றது என்பதை அறிவியலின் துணையோடு சொல்லத்தான் வந்திருக்கிறேன். தாய் உண்பது முக்கியம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாயின் தட்டில் இருக்கும் சோறு குழந்தையிடம் போய்ச் சேர ஒரே வழி ரத்தக் குழாய். அந்தக் குழாய் எவ்வளவு விரிய வேண்டும், எத்தனை கிளை விட வேண்டும் என்பதைத் தாயின் உடலிலும் நஞ்சுக்கொடியிலும் சுரக்கும் சில மூலக்கூறுகள் தீர்மானிக்கின்றன. அவற்றின் கணக்கு தப்பினால், மூன்று வேளையும் நெய்ச்சோறு சாப்பிட்டாலும் குழந்தை சிறுத்துத்தான் போகும்.

இந்த மலாக்கா மாநிலத்தில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர் அதுதான். அடுத்து புக்கிட் ஆசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அந்தக் காட்டை அழிக்கவும் மரத்தைச் சீவவும் கப்பலில் வந்தவர்கள் நம் முன்னோர். பெண்களும் வந்தார்கள், வயிற்றில் பிள்ளையோடும் பால் வெட்டினார்கள். விடிவதற்கு முன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மலையும் பள்ளமுமாக மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைக் காண்டா எனும் தோள்கம்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிள்ளையைப் பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அடுத்த பிள்ளையைச் சுமந்தவர்கள் அவர்கள்.

அந்தக் காலத்தில் தோட்டத்தை ஆட்டிப் படைத்த நோய் மலேரியா. தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்பது பலரும் அறிந்த வரலாறு. அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. மலேரியாக் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடிக்குள் போய்த் தங்கிவிடும். தாய்க்குக் காய்ச்சல் விட்ட பிறகும் அங்கே அழற்சி இருந்துகொண்டே இருக்கும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். தலைப்பிரசவத்தில்தான் இது மோசம். தான்சானியாவில் இந்த நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள், அப்படிப்பட்ட தாய்மாரின் ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு கூடுதலாக இருப்பதைக் கண்டன. அந்த மூலக்கூறுதான் இன்றைய என் பேச்சின் நடுநாயகம். அதன் பெயருக்குச் சற்றுப் பிறகு வருகிறேன். நம் கொள்ளுப்பாட்டிமாரின் தலைப்பிள்ளைகள் ஏன் அத்தனை பேர் தங்கவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இனி உடலுக்குள் போவோம்.

கருப்பையின் சுவருக்குள் சுருள் சுருளாக ஓடும் சிறு தமனிகள் சுமார் நூறு இருக்கின்றன. கருத்தரிக்காத பெண்ணிடம் அவை மெல்லிய நூலளவுதான். அவற்றைச் சுற்றித் தசை இருக்கும். தசை இறுகினால் குழாய் சுருங்கும். கரு தங்கியதும் நஞ்சுக்கொடியின் அணுக்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, இந்தத் தமனிகளின் தசையை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தாமே உட்கார்ந்துகொள்கின்றன. குழாயின் வாய் ஐந்து முதல் பத்து மடங்கு வரை அகலமாகிவிடும். பிறகு தாய்க்குப் பயமோ கோபமோ வந்தாலும் அந்தக் குழாய் பழையபடி இறுகாது. கருத்தரிக்குமுன் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் போகும். பேறுகாலம் நெருங்கும்போது அது 500 மில்லிலிட்டரையும் தாண்டிவிடுகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஈவோ பிரோசன்ஸ் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் இந்த மாற்றத்தைத் திசுக்களில் பார்த்து விவரித்தார். ரத்தக் கொதிப்பு வந்த தாய்மாரிடம் தமனிகள் பாதியளவே மாறியிருந்தன என்பதையும் அவரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள்.

காலத்தைக் கவனியுங்கள். இந்த வேலை முதல் மூன்று மாதத்தில் தொடங்கி ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில் முடிந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்புப் போட்டு, ஏழு வகைச் சாதம் கட்டி, ஊரைக் கூட்டி வாழ்த்துகிறோம். அதற்குள் குழந்தையின் ரத்தப் பாதை போட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

தாயின் பக்கம் இப்படி. குழந்தையின் பக்கம் இன்னும் வியப்பானது. நஞ்சுக்கொடிக்குள் விரல் விரலாகக் கிளைக்கும் திசுக்கள் உண்டு; அவற்றின் பரப்பை விரித்துப் பார்த்தால் பேறுகாலத்தில் சுமார் 11, 12 சதுர மீட்டர் வரும். ஒரு சிறிய அறையின் தரை அளவு. ஒவ்வொரு விரலுக்குள்ளும் குழந்தையின் நுண்குழாய்கள் ஓடுகின்றன. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் அங்கே கலப்பதில்லை, அடுத்தடுத்து ஓடுகின்றன. அந்த மெல்லிய சுவரைத் தாண்டித்தான் உயிர்வாயு, சர்க்கரை, புரதச் சத்து எல்லாம் குழந்தைக்குப் போகின்றன.

அந்தக் குழாய்களுக்கு நரம்பு கிடையாது. நம் கையிலும் காலிலும் குடலிலும் இருக்கும் ரத்தக் குழாய்களை மூளை நரம்பு வழியாகக் கட்டுப்படுத்தும். தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் அந்த ஏற்பாடு இல்லை. அங்கே குழாய் விரிவதும் சுருங்குவதும் வளர்வதும் முழுக்க முழுக்க மூலக்கூறுகளின் கையில்தான். அவற்றில் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு. குழாயின் உள்சுவர் அணுக்கள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதை உண்டாக்கும், அது பக்கத்துத் தசையைத் தளர்த்தும், குழாய் விரியும். ரத்தக் குழாயில் இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. எண்டோதெலின் என்பது எதிர்ப்பக்கம், குழாயைச் சுருக்குவது. புரோஸ்டாசைக்ளின் விரிக்கும், ரத்தம் உறையாமல் காக்கும். திராம்பாக்சேன் சுருக்கும், உறைய வைக்கும். நல்ல கர்ப்பத்தில் தராசு விரிக்கும் பக்கமே சாய்ந்திருக்கும்.

புதிய குழாய்களை உண்டாக்கும் பொறுப்பு வேறு இரண்டு மூலக்கூறுகளுடையது. ஒன்று விஇஜிஎஃப், அதாவது ரத்தக்குழாய் உள்சுவர் வளர்ச்சிக் காரணி. 1989இல் நெப்போலியோனே ஃபெராரா அதைப் பிரித்தெடுத்தார். மற்றொன்று பிஎல்ஜிஎஃப், நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி. இத்தாலிய ஆய்வாளர்கள் 1991இல் அதை நஞ்சுக்கொடியிலிருந்தே கண்டெடுத்தார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு வாரம் கருவைச் சுற்றி உயிர்வாயு குறைவாகவே இருக்கும். தாயின் தமனி வாயை நஞ்சுக்கொடி அணுக்களே அடைத்து வைத்திருக்கின்றன. அது கருவுக்குப் பாதுகாப்பு. அந்தக் குறைவுதான் விஇஜிஎஃப்பைத் தூண்டுகிறது. குழாய்கள் கிளைக்கு மேல் கிளை விடுகின்றன. ஆறாம் மாதத்துக்குப் பிறகு பிஎல்ஜிஎஃப்பின் கை ஓங்குகிறது; குழாய்கள் கிளைப்பதைக் குறைத்துக்கொண்டு நீளமாக வளர்ந்து கண்ணிகளாக வளைகின்றன. தாயின் ரத்தத்தில் பிஎல்ஜிஎஃப்பின் அளவு ஏறக்குறைய 30 வாரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். குழந்தையின் எடை வேகமாகக் கூடும் காலமும் அதுவே.

இனி, சொல்லாமல் வைத்திருந்த மூலக்கூறு. அதன் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

எஸ். அனந்த் காருமஞ்சி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அவர் சிறுநீரக மருத்துவர், மகப்பேறு மருத்துவர் அல்லர். பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் இருந்தபோது, கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தக் கொதிப்பு நோய் அவர் கவனத்தை இழுத்தது. மருத்துவ நூல்கள் அதைப் பிரிஎக்லாம்சியா என்கின்றன. ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் இறங்கும், முற்றினால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் சாகலாம். உலகில் நூறு கர்ப்பத்தில் இரண்டு முதல் எட்டு வரை இந்த நோய் வருகிறது. நஞ்சுக்கொடியை வெளியே எடுத்தால் நோய் விலகும் என்பது பல காலமாகத் தெரியும். ஆகவே நஞ்சுக்கொடியிலிருந்து ஏதோ ஒன்று தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அது எது என்பதுதான் தெரியவில்லை.

ஷரன் மேனார்டும் காருமஞ்சியும் மற்றவர்களும் நோயுற்ற தாய்மாரின் நஞ்சுக்கொடியையும் நலமாக இருந்தவர்களின் நஞ்சுக்கொடியையும் ஒப்பிட்டு, எந்த மரபணு மிகையாக வேலை செய்கிறது என்று தேடினார்கள். கிடைத்தது எஸ்-ஃபிளிட்-1. விஇஜிஎஃப்பும் பிஎல்ஜிஎஃப்பும் ரத்தக்குழாய் அணுவில் போய் ஒட்டிக்கொள்ள ஓர் ஏற்பி உண்டு, ஃபிளிட்-1 என்று பெயர். அதே ஏற்பியின் வேர் இல்லாத வடிவம் இது. அணுவில் பதிந்து நிற்காமல் ரத்தத்தில் மிதந்து திரியும். தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருமுன்பே முச்சந்தியில் நின்று கடிதங்களை வாங்கிக்கொள்ளும் ஆளைப் போல, குழாய்க்குப் போக வேண்டிய வளர்ச்சிச் சேதியை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். குழாயின் உள்சுவர் சேதி வராமல் நலிந்துபோகும்.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. கர்ப்பமான எலிகளின் உடலில் எஸ்-ஃபிளிட்-1 மிகும்படி செய்தார்கள். எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரில் புரதம் வந்தது. சிறுநீரகத்தில் மனிதத் தாய்மாரிடம் காணும் அதே மாற்றம் தெரிந்தது. 2003இல் இந்த ஆய்வு வெளிவந்தது. அதே காலத்தில் புற்றுநோய்க்கு விஇஜிஎஃப்பைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது நோயாளிகளுக்கு ரத்தக் கொதிப்பும் சிறுநீரில் புரதமும் வந்ததை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டின. 2006இல் எண்டோகிளின் என்ற இன்னொரு மிதக்கும் மூலக்கூறையும் அதே குழுவினர் கண்டார்கள். எஸ்-ஃபிளிட்-1உடன் அதையும் சேர்த்துக் கொடுத்தபோது எலிகளுக்கு நோய் கடுமையானது. வயிற்றில் இருந்த குட்டிகள் வளர்ச்சி குன்றின. என்னைப் பொறுத்தவரை கருவின் வளர்ச்சிக்கும் இந்த மூலக்கூறுகளுக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு சான்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்கு மிகப் பிடித்தமானது. ஃபிளிட்-1 மரபணு நம் 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 13ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்ட கருவைச் சுமக்கும் தாய்மாருக்கு இந்த ரத்தக் கொதிப்பு நோய் கூடுதலாக வருகிறது. ஒரு பிரதி மிகுந்தால் நோய் மிகுகிறது. இயற்கையே செய்து காட்டும் பரிசோதனை அது.

குழாய் ஒழுங்காக விரியாத கருவுக்கு என்ன நேர்கிறது? அது உடனே செத்துவிடுவதில்லை. கிடைக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, குடலுக்கும் தசைக்கும் தோலுக்கடிக் கொழுப்புக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் அப்படிப் பிறக்கும் குழந்தைக்குத் தலை ஓரளவு சரியாகவும், வயிறு ஒட்டியும், தொடை மெலிந்தும் இருக்கும். சிறுநீர் குறைவதால் பனிக்குட நீர் வற்றும். தொப்புள்கொடித் தமனியை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் குழந்தையின் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் ஓர் அலை எழும். இரண்டு துடிப்புக்கு இடையிலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நஞ்சுக்கொடிக் குழாய்கள் இறுகிப்போனால் அந்த இடைவெளியில் ஓட்டம் நின்றுவிடும். இன்னும் மோசமானால் ரத்தம் பின்னோக்கிப் போகும். அந்தப் படத்தைத் திரையில் பார்க்கும் மருத்துவர் அடுத்து எடுக்கும் முடிவு மிகக் கடினமானது. வெளியே எடுத்தால் குறைமாதப் பிள்ளை, உள்ளே விட்டால் இறந்த பிள்ளை.

அந்த முடிவுக்கு வராமல் முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்பதுதான் கடந்த இருபது ஆண்டுகளின் பெரிய செய்தி. பின்னால் ரத்தக் கொதிப்பு வந்த தாய்மாரின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வு, பிஎல்ஜிஎஃப் 13 முதல் 16 வாரத்திலேயே குறையத் தொடங்கியிருந்ததையும், நோய் வெளிப்படுவதற்கு ஐந்து வாரம் முன்பே எஸ்-ஃபிளிட்-1 ஏறியிருந்ததையும் காட்டியது. 2016இல் வந்த ஆய்வு, எஸ்-ஃபிளிட்-1க்கும் பிஎல்ஜிஎஃப்புக்கும் உள்ள விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்று 99 விழுக்காட்டுக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என்றது. 2019இல் பிரிட்டனில், பிஎல்ஜிஎஃப் முடிவை மருத்துவர் கையில் கொடுத்தபோது நோயைக் கண்டறிய ஆகும் காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது. இரண்டு நாள் என்றால் சிறிதாகத் தோன்றலாம். பேறுகால வலிப்பு இரண்டு மணி நேரத்தில் ஒரு தாயைக் கொண்டுபோய்விடும் என்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மருந்து என்று வரும்போது எல்லாமே வெற்றிக்கதை இல்லை. நைட்ரிக் ஆக்சைடின் வேலையை வலுப்படுத்தும் சில்டெனாஃபில் மாத்திரையைக் கொடுத்தால் குழாய் விரிந்து குழந்தை வளரும் என்று பலரும் நம்பினார்கள். பல நாடுகளில் சோதனை நடந்தது. பிரிட்டனில் பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில், மாத்திரை எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு நுரையீரல் கோளாறும் மரணமும் கூடியதைக் கண்டு 2018இல் சோதனையை நிறுத்தினார்கள். இணையத்தில் எதையோ பார்த்துவிட்டு "அந்த மாத்திரை வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: வேண்டாம். ஜெர்மனியில் கொலோன் நகரில், தாயின் ரத்தத்தை வெளியே எடுத்து எஸ்-ஃபிளிட்-1ஐ வடிகட்டித் திருப்பி அனுப்பும் முறையைச் சிலரிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். கர்ப்பம் சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் வரை நீண்டது. அது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

இன்று நம் கையில் இருப்பது மிகச் சாதாரணமான ஒன்று: ஆஸ்பிரின். சிறிய அளவில் கொடுத்தால் குழாயைச் சுருக்கும் திராம்பாக்சேனைக் குறைக்கும், விரிக்கும் புரோஸ்டாசைக்ளினைப் பெரிதாகத் தொடாது. 2017இல் வெளிவந்த ஆஸ்பிரே ஆய்வில் ஆபத்து அதிகம் உள்ள 1,776 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை, இரவில் 150 மில்லிகிராம். குறைமாதத்தில் வரும் ரத்தக் கொதிப்பு நோய், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 விழுக்காட்டினருக்கு வந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கே வந்தது. இது எல்லாக் கர்ப்பிணிக்கும் தேவையில்லை. முந்திய கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு வந்தவர், சிறுநீரக நோயுள்ளவர், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர், இரட்டைப் பிள்ளை சுமப்பவர் போன்றோருக்கு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் தொடங்க வேண்டிய காலத்தை மறுபடியும் கேளுங்கள்: 11 முதல் 14 வாரம். ஐந்தாம் மாதத்தில் கிளினிக்குக்கு வருபவருக்கு அந்தக் காலம் போய்விட்டிருக்கும்.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை ஏன் வேண்டும் என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடம் அது 30 விழுக்காட்டைத் தாண்டியது, எல்லா இனத்தாரையும்விட அதிகம். எடை குறைந்த குழந்தைகளும் நம்மிடம்தான் கூடுதல் என்று மலேசிய ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. இரண்டும் தனித்தனிச் செய்திகள் இல்லை. பிரிட்டனில் டேவிட் பார்க்கர் 1980களில், சிறுத்துப் பிறந்தவர்களுக்குப் பெரியவர்களான பிறகு இதய நோய் கூடுதலாக வருவதைக் காட்டினார். மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையின் பழைய பிரசவப் பதிவேடுகளை வைத்து அங்கேயும் ஆய்வு நடந்தது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர், சராசரி 2.7 கிலோ எடையில் பிறக்கும் நம் குழந்தைகளை 3.5 கிலோ சராசரியுள்ள ஆங்கிலேயக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பின்னால் இனிப்புநீர் வருவதற்கான விதை அங்கேயே விழுந்துவிடுகிறது. அந்தப் பெண்குழந்தை வளர்ந்து, இனிப்புநீரோடு கருத்தரித்து, அவளுடைய ரத்தக் குழாய்களும் சேதி தப்பி, இன்னொரு சிறு பிள்ளையைப் பெறுகிறாள். தோட்டத்திலிருந்து வெளியேறி, பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கும் செங் வட்டாரத்து வீட்டு வரிசைகளுக்கும் நாம் வந்து சேர்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இந்தச் சங்கிலி இன்னும் நம்மோடு வந்துகொண்டிருக்கிறது. தாயையும் அது விடுவதில்லை: கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு வந்தவளுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிள்ளை பெற்றாயிற்று, பிரஷர் இறங்கியாயிற்று என்று கிளினிக்கை மறந்துவிடும் தாய்மார் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த நாடு தாய்மாரைக் காப்பாற்றுவதில் சாதித்தது சிறிதன்று. மலேசியாவையும் இலங்கையையும் பற்றி இந்திரா பத்மநாதனும் மற்றவர்களும் எழுதி 2003இல் உலக வங்கி வெளியிட்ட நூல், பணக்கார நாடாக இல்லாமலே தாய்மார் மரணத்தை எப்படிக் குறைத்தார்கள் என்று உலகுக்குக் காட்டியது. கம்பத்துக்குக் கம்பம், அதாவது ஊருக்கு ஊர், மருத்துவச்சியைப் பயிற்றுவித்து அனுப்பியதுதான் அதன் ஆணிவேர். தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால் அந்த அரசுச் சேவை நம் லயக் குடியிருப்புகளுக்குத் தாமதமாகவே வந்தது. டிரசர் எனும் மருத்துவ உதவியாளரும் தோட்டத்து மருத்துவச்சியும் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். அந்தப் பாக்கியை இன்று நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

கிளினிக்கில் நடப்பதைச் சற்றுப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மிஸ்ஸி, அதாவது தாதி, உங்கள் மகளைப் படுக்க வைத்து, கருப்பையின் உச்சியைக் கைவிளிம்பால் தேடிப் பிடித்து, அங்கிருந்து அடிவயிற்று எலும்பின் மேல்விளிம்பு வரை நாடாவை வைத்து அளக்கிறார். 24 வாரத்துக்குப் பிறகு அந்தச் சென்டிமீட்டர் ஏறக்குறைய வார எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். 28 வாரத்தில் 24 சென்டிமீட்டர்தான் என்றால் அவர் முகம் மாறும், ஸ்கேனுக்கு எழுதுவார், கர்ப்பப் பதிவேடான பிங்க் புத்தகத்தின் அட்டையில் வண்ணச் சீட்டு மாறும். வெள்ளை என்றால் தாதியே பார்ப்பார், பச்சை என்றால் கிளினிக் மருத்துவர், மஞ்சள் என்றால் நிபுணர், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. விலை மலிந்த அந்த நாடா, நான் இதுவரை சொன்ன மூலக்கூறுகள் அத்தனையின் விளைவையும் அளக்கிறது. ஒரு தவணை போகாவிட்டால் பரவாயில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தனி அளவுக்குப் பொருள் குறைவு. போன மாதத்து அளவும் இந்த மாதத்து அளவும் சேர்ந்தால்தான் வளர்ச்சி நின்றது தெரியும்.

அம்மாமாருக்கும் அத்தைமாருக்கும் நேராகச் சில சொற்கள். "மூணு மாசம் ஆகட்டும், அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதே" என்பது நம் பழக்கம். கரு தங்காமல் போனால் ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டாமே என்ற பரிவில் வந்த பழக்கம் அது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். கிளினிக்குக்குச் சொல்லியே ஆக வேண்டும். நாள் தள்ளிப்போய் இரண்டாவது மாதத்திலேயே பதிந்துகொள்ளுங்கள். "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்குறது சகஜம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள். முகமும் கையும் வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தால், பிள்ளை அசைவது குறைந்தால், அந்த இரவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருத்துவர் ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால், "கர்ப்பத்துல மாத்திரை எதுக்கு?" என்று அதைப் பிடுங்கி வைக்காதீர்கள். மருமகள் சிறுத்த பிள்ளையைப் பெற்றுவிட்டால், அவள் என்ன தின்றாள் என்று விசாரணை நடத்தாதீர்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு: 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அது சட்டம் கொடுத்த உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள். பிஎல்ஜிஎஃப் ரத்தப் பரிசோதனை பணம் உள்ளவருக்கு மட்டும் எட்டும் ஒன்றாக இருந்துவிடக் கூடாது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் பதிந்துகொள்ளும் எந்த இனத்துத் தாய்க்கும், தேவை இருந்தால், கையிலிருந்து காசு போடாமல் அது கிடைக்க வேண்டும். இந்த மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்கள். இந்த அறக்கட்டளைக் குழுவினர் ஆண்டுதோறும் சொற்பொழிவோடு நிறுத்திக்கொள்ளாமல், மாநில சுகாதாரத் துறைக்கு இதை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்திடும் முதல் ஆளாக நான் இருப்பேன். வெளியே மேசையில் தாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது நீங்களும் போட்டுவிட்டுப் போங்கள்.